திரைக்கு இந்தப் பக்கம்



மகப்பேற்றுச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நீண்ட காலம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பட்டமளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது வழக்கம். பிரசவத் துணையாக, டூலாவாக, இன்று சான்றிதழ் வாங்கப்போகும் தங்கச்சிமாரே, உங்கள் எதிர்காலத்தில் பெரும்பகுதி எனக்குத் தெரிந்த ஓர் அறையின் வாசலில்தான் கழியப்போகிறது. ஆகவே அந்த அறையைப் பற்றியே பேசுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சீசர் செய்யவேண்டி வரும்" என்று டொக்டர் சொன்னவுடன், அதுவரை பக்கத்தில் நின்ற துணைப்பெண் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அவர் மாமியாராக இருப்பார், அக்காவாக இருப்பார், சம்பளத்துக்குத் துணை வந்தவராகவும் இருப்பார். இனி டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள், நமக்கென்ன வேலை என்ற நினைப்பு. அந்த நினைப்பு பிழை. அந்தத் தாய்க்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டிய நேரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன். மிச்சப் பேச்செல்லாம் இதற்கான காரணங்கள்.

நம் இலங்கையில் வீட்டிலே பிள்ளை பெறுகிறவர்கள் இன்று அநேகமாக இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஏறத்தாழ மூன்று பிறப்புக்கு ஒன்று சீசர் சத்திரசிகிச்சை மூலம் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்த விகிதம் இறங்கவில்லை. இங்கே முகத்துவாரத்தில் ஒரே தோட்டக் குடியிருப்பில் மூன்று பிள்ளைத்தாய்ச்சிமார் இருந்தால், சராசரியாக அவர்களில் ஒருத்தி சத்திரசிகிச்சை மேசையில் படுப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் துணைக்குப் போகும் தாய்மாரிலும் அதே கணக்குத்தான்.

சீசரைப் பகையாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். மலேரியா பரவிய 1935இல் நிலைமை இன்னும் மோசம். இன்று அந்த எண்ணிக்கை முப்பதை அண்டி நிற்கிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வீடு வீடாக நடந்த மருத்துவமாதரும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், இரத்த வங்கியும், கிருமிநாசினிகளும், தக்க நேரத்தில் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையும் சேர்ந்துதான் இதைச் செய்தன. 1882இல் மாக்ஸ் சேங்கர் என்ற ஜேர்மன் வைத்தியர் கருப்பையைத் தைத்து மூடும் முறையை எழுதி வெளியிடும் வரைக்கும், வயிற்றைத் திறந்து பிள்ளை எடுத்தால் பெரும்பாலும் தாயை இழந்தோம் என்றுதான் அர்த்தம். இன்று அதே மேசையிலிருந்து எழுந்து, மூன்றாம் நாள் தாய் பிள்ளையோடு வீட்டுக்குப் போகிறாள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. நச்சுக்கொடி வழிமறித்து, இரத்தம் கொட்டக் கொட்ட வந்த தாய்மாரைக் கண்டவள் நான்.

அதேநேரம் தேவையில்லாத சீசரும் நடக்கிறது. ஒரு நாட்டில் இந்த விகிதம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பிறகு, அதை மேலும் கூட்டுவதால் தாய், சிசு மரணங்கள் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. தேவையில்லாத சீசரைக் குறைப்பது எப்படி என்ற கேள்வியில்தான் உங்கள் தொழிலின் பெயர் உலக மருத்துவ ஏடுகளில் அதற்கு முன்பிருந்தே அடிபட்டுவந்தது.

அமெரிக்காவில், ஹூஸ்டன் நகரத்தின் ஏழை எளியவர்கள் வரும் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நடந்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. கென்னல், கிளாவுஸ் என்ற குழந்தை வைத்தியர்களும் அவர்களின் கூட்டாளிகளும் செய்தது. முதல் பிள்ளை பெற வந்த தாய்மாரை வகைபிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டூலா. மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத, குறுகிய பயிற்சி மட்டும் பெற்ற பெண்கள். அவர்கள் தொட்டார்கள், கதைத்தார்கள், நடப்பதை விளக்கினார்கள், விட்டுப் போகாமல் இருந்தார்கள். இன்னொரு பிரிவுக்கு ஒரு பார்வையாளர். அவர் தாயோடு கதைக்கவே இல்லை, அறையின் ஓரத்தில் இருந்து குறிப்பெடுத்தார். மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முடிவில், டூலா இருந்த தாய்மாரில் நூற்றுக்கு 8 பேருக்குச் சீசர். வழக்கமான கவனிப்பில் 18 பேருக்கு. என்னை அதிகம் யோசிக்க வைத்தது நடுவில் உள்ள எண். வாய் திறக்காமல் மூலையில் இருந்த பெண்ணின் அறையில் அது 13. ஒரு மனுஷி அறையை விட்டுப் போகாமல் இருந்தாள் என்பதற்கே இவ்வளவு பலன்.

பின்னர் 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டிய கொக்ரேன் மதிப்பீடு 2017இல் வந்தது. இடைவிடாத துணை இருந்தால் சீசர் குறைகிறது, வலி நேரம் குறைகிறது, பிரசவ அனுபவத்தைக் கசப்பாக நினைக்கும் தாய்மாரும் குறைகிறார்கள் என்று அது உறுதிசெய்தது. ஆஸ்பத்திரி ஊழியரோ சொந்தக்காரரோ இல்லாமல், அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற பெண் துணை நின்ற இடங்களில்தான் சீசர் அதிகம் குறைந்தது.

இந்த எண்களைச் சொல்லித்தான் உங்களை ஆஸ்பத்திரி நிர்வாகங்களிடம் அறிமுகப்படுத்துவார்கள். செய்யட்டும். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது வேறு. உங்கள் வேலையைச் சீசர் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். அப்படி அளக்கத் தொடங்கினால், நீங்கள் துணை நின்ற ஒரு தாய் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போகும்போது உங்கள் முகம் வாடும். வலியோடு கிடக்கிறவளுக்கு வேறு எதுவும் விளங்காவிட்டாலும் பக்கத்தில் நிற்பவளின் முகம் விளங்கும். தான் தோற்றுப்போனதாக அவள் அதிலிருந்து படிப்பாள். நாளைக்கு அண்டை வீட்டுக்காரி வந்து, "வலி தெரியாமப் பெத்துக்கிட்டா" என்று சொல்லப்போகிறாள். அந்தப் பேச்சின் முதல் வரி உங்கள் முகத்தில் எழுதப்பட்டிருக்கக் கூடாது.

இப்போது அறைக்குள் வருவோம்.

வெளியிலிருக்கும் பலரும் சீசர் என்றால் தாய் மயங்கிக் கிடப்பாள் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான சீசரில் அவள் முழித்திருக்கிறாள். முதுகில் போடும் ஊசி நெஞ்சுக்குக் கீழே வலியை எடுத்துவிடும். காது கேட்கிறது, மூக்கு வேலைசெய்கிறது, மனது நான்கு மடங்கு வேலைசெய்கிறது. அறை குளிர். மேலே பெரிய விளக்கு. மேசையின் ஓரத்தில் இருத்தி, நாடியை நெஞ்சில் வைத்து முதுகை வளைக்கச் சொல்வார்கள். அந்த வயிற்றோடு முதுகை வளைப்பது லேசான காரியமில்லை. அந்த நேரத்தில் "ஹெலவென்ன எப்பா" என்று ஒரு குரல் வரும், "ஹுஸ்ம கன்ன" என்று இன்னொரு குரல் வரும். ஆடாதே, மூச்சை எடு என்கிறார்கள். கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சிங்களம் விளங்கும். போன வருடம் நுவரெலியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கலியாணம் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்த பிள்ளைக்கு விளங்காது. விளங்கினாலும், பயத்தின் உச்சத்தில் மனுஷர் தாய்மொழிக்குத்தான் திரும்புகிறார்கள்.

ஊசி வேலை செய்கிறதா என்று குளிர்ந்த ஒன்றை உடம்பில் வைத்துப் பார்ப்பார்கள். குளிர் தெரியாது, ஆனால் தொடுவது தெரியும். தொடுவது தெரிகிறதே, வெட்டினாலும் தெரியுமே என்று அவள் பதறுவாள். இதை முன்பே, கிளினிக் நாட்களிலேயே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது நீங்கள்தான். நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டுவார்கள். பிறகு ஏதோ கருகும் வாசம் வரும். இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் கருவியின் வாசம் அது. யாரும் சொல்லிவைக்காவிட்டால் அவள் என்ன நினைப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். உறிஞ்சும் குழாயின் சத்தம் கேட்கும். பிள்ளையை எடுக்கும் நேரத்தில், இறுகக் கட்டிய சாக்குக்குள் யாரோ கையை விட்டுத் துழாவுவது போலிருக்கும். மேல்வயிற்றில் ஒருவர் முழுப்பலத்தோடு அமுக்குவார். வலி இருக்காது. இழுபடுவது மட்டும் நன்றாகத் தெரியும். இரத்த அழுத்தம் இறங்கினால் வாந்தி வரும், தலை சுற்றும். அவள் அப்படிச் சொன்னால் நீங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே மயக்க மருந்து டொக்டரிடம் சொல்லுங்கள். அவரிடம் அதற்கு மருந்து தயாராக இருக்கும். கைகளும் பல்லும் நடுங்கும். அது ஊசியாலும் குளிராலும் வருவது. பயந்தாங்கொள்ளி என்று அவள் தன்னையே திட்டிக்கொள்வாள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பிள்ளையை எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. தைத்து முடிக்க அரை மணிக்கு மேலாகும். தியேட்டருக்கு வெளியே இது யாருக்கும் தெரிவதில்லை. பிள்ளை அழுததும் கதை முடிந்துவிட்டதென்று எல்லோரும் நினைக்கிறார்கள். தகப்பனுக்குச் செய்தி போகிறது, அவர் ஃபோனில் கூப்பிடுகிறார், மாமியார் முகத்துவாரம் காளி கோவிலுக்கு நேர்ந்துகொண்டதை ஞாபகப்படுத்துகிறார், மச்சான் பட்டர்கேக் வாங்க ஓடுகிறான். பிள்ளையைச் சூடாக்கிய மேசையில் வைத்துக் குழந்தை வைத்தியர் பார்க்கிறார். சத்திரசிகிச்சை நிபுணர் தன் தையலில் கவனமாக இருக்கிறார், இருக்கத்தான் வேண்டும். அந்த அரை மணி நேரம் திரைக்கு இந்தப் பக்கத்தில், கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் தனியே கிடக்கிறாள். ஒன்பது மாதமாக வீட்டில் எல்லோரும் சூழ்ந்து நின்றது அவளைத்தான். இப்போது பிள்ளை அவளை விட்டுப் போய்விட்டது, எல்லாக் கண்களும் பிள்ளையோடு போய்விட்டன. என் வேலைக்காலம் முழுக்க என்னை உறுத்தியது இந்த அரை மணி நேரம்தான். உங்களைப் போல ஒருத்தி அங்கே வேண்டும் என்று ஆசைப்பட்டதும் அதனால்தான்.

ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். இந்தக் கரையோரத்துப் பிள்ளை, புருஷன் மீன்பிடித் துறைமுகத்தில் படகு வேலை. பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கியதால் அவசரமாகக் கொண்டுவந்தார்கள். காலையில் கட்டிய பூ தலையில் அப்படியே இருந்தது, அதன் மேல்தான் தொப்பியைப் போட்டோம். இரண்டு கைகளையும் பலகைகளில் நீட்டி வைத்திருந்தோம், ஒன்றில் சேலைன், மற்றதில் பிரஷர் பட்டி. பெண் பிள்ளை பிறந்து நன்றாக அழுதது. பிறகு தையல் நடந்தது. அவள் மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது போல, "பிள்ளைய எங்க கொண்டுபோறாங்க?" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. திரும்பவும் கேட்டாள். தியேட்டரில் தரை துடைக்கிற அம்மா ஒருவர் இருந்தார், மட்டக்குளிக்காரி. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் தலைமாட்டில் வந்து குனிந்து, "இங்கதான் மகள் இருக்கா, நான் பாத்துட்டே நிக்கிறேன், கால ஒதச்சிட்டு இருக்கா, துணி சுத்துறாங்க, இப்ப ஒங்கிட்டதான் கொண்டுவருவாங்க" என்று நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளையின் மொனிட்டரில் நாடித்துடிப்பு இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மாவுக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. அவர் அன்று செய்ததை முறையாகக் கற்றுத் தேறியவர்கள்தான் இன்று என் முன்னால் இருக்கிறீர்கள்.

அவர் சொன்னதைக் கவனியுங்கள். "ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று அவர் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார். இதை உங்கள் தொழிலின் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். சில நேரம் பிள்ளை உடனே அழாது. அறை முழுக்க அமைதியாகும். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லாதீர்கள். "குழந்தை டொக்டர் பக்கத்தில நிக்கிறார், மூச்சுக்கு உதவி செய்றாங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். பிள்ளையை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனால் தகப்பனை அதன் பின்னே அனுப்புங்கள். நீங்கள் தாயை விட்டு நகரக் கூடாது. முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் உங்களை வெளியே போகச் சொல்வார்கள், மறுபேச்சில்லாமல் போங்கள். ஆனால் தன் பிள்ளை பிறந்ததை அந்தத் தாய் பார்க்கவில்லை, கேட்கவில்லை. முதலில் யார் தூக்கினார்கள், எத்தனை மணிக்கு, அழுததா, கண் திறந்து பார்த்ததா என்று உள்ளே இருந்தவர்களிடம் கேட்டு எழுதிவைத்து, அவள் தெளிந்ததும் சொல்லுங்கள். அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். சலிக்காமல் சொல்லுங்கள்.

பிள்ளையைத் தாயின் நெஞ்சில் வெறும் மேனியோடு வைப்பது சுகப்பிரசவத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். லண்டன் குயின் சார்லட் ஆஸ்பத்திரியில் ஃபிஸ்க் என்ற நிபுணரும் அவரோடு ஒரு மயக்க மருந்து டொக்டரும் ஒரு மருத்துவமாதும் சேர்ந்து, சீசரை எப்படித் தாய்க்கு நெருக்கமானதாக ஆக்கலாம் என்று 2008இல் எழுதினார்கள். திரையைக் கொஞ்சம் இறக்கித் தாய் பார்க்க விடுவது, பிள்ளையை அவசரப்படாமல் மெல்ல வெளியே எடுப்பது, இதயத்துடிப்பு வயர்களை நெஞ்சில் ஒட்டாமல் வேறு இடத்தில் ஒட்டி அந்த இடத்தைப் பிள்ளைக்கு விட்டுவைப்பது. பெரிய செலவு எதுவும் இல்லை. நம் தியேட்டர்களிலும் இதில் சிலதை இன்றைக்கே செய்யலாம். பிள்ளை நெஞ்சில் இருக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், ஏனென்றால் தாயின் கைகளில் ஊசியும் பட்டியும் இருக்கின்றன. அந்தக் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

மொழி விஷயத்துக்குத் திரும்புகிறேன், அதை லேசாக விட்டுவிட மனம் வரவில்லை. தாய்க்கு விளங்கும் மொழியில் சொல்வதை உபசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிகிச்சையின் ஒரு பகுதி. நம் நாட்டில் இதைப் புரிந்துகொண்ட வைத்தியர்கள் எப்போதோ இருந்தார்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மோன்செல் என்பவரின் பிரசவ மருத்துவ நூல் 1857இலேயே தமிழில் வந்துவிட்டது. பிறகு மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, 1896இல் மிஷன் வேலைக்காக இலங்கைக்கு வந்து, ஒரு தமிழரைக் கலியாணம் கட்டியதால் அந்த மிஷனின் ஆதரவை இழந்த டொக்டர் அவர். கொழும்பில் தங்கி, இங்குள்ள பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார், தாய் சேய் நலத்தை ஊர் ஊராகக் கற்பித்தார், 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958இல் மக்சேசே விருது பெற்றார். பெண்ணின் உடம்பைப் பற்றிப் பெண்ணிடமே விளக்கிச் சொல்ல வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க உழைத்தவர். தாய்க்கு விளங்கும் மொழியில் சொல்வது புது நாகரிகம் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு பேரையும் சொல்லிக்காட்டுங்கள்.

இனி அந்த அறையின் வாசலுக்கு வருவோம். பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் இருக்கலாம் என்பது நம் சுகாதார அமைச்சின் கொள்கை. தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2004இலேயே இதற்கு வழி செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியும், தாய் விரும்பும் துணை ஒருவர் எல்லாப் பெண்களுக்கும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் நடைமுறை வாட்டுக்கு வாட்டு மாறும். ஒரு திரைச்சீலை மட்டும் பிரிக்கும் கட்டில்கள், இடநெருக்கடி, ஆள் பற்றாக்குறை என்று அங்குள்ளவர்களுக்கும் நியாயமான சிரமங்கள் உண்டு. பிரசவ அறைக்கே இப்படியென்றால் தியேட்டருக்குள் போவது இன்னும் கடினம். பல இடங்களில் உங்களை விடமாட்டார்கள். அப்போது வாசலில் நின்று வாதாட வேண்டாம். வேலையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மேலே நான் சொன்ன வாசம், நடுக்கம், இழுபடுவது எல்லாவற்றையும் முப்பத்தாறாம் வாரத்துக்கு முன்பே அவளுக்குச் சொல்லிப் பழக்கிவிடுங்கள். ட்ரொலி தியேட்டர் கதவைத் தாண்டும் வரை கையை விடாதீர்கள். அதே கதவு திறக்கும்போது அவள் முதலில் பார்க்கும் முகம் உங்களுடையதாக இருக்கட்டும்.

உள்ளே விட்டால் ஒழுங்கு மிக முக்கியம். மருந்து உங்கள் வேலை இல்லை. உள்பரிசோதனை உங்கள் வேலை இல்லை. டொக்டர் எடுத்த முடிவைத் தாயின் காதில் விமர்சிப்பது உங்கள் வேலை இல்லவே இல்லை. அவளுக்குக் கேள்வி இருந்தால், கேட்கும்படி தைரியம் கொடுங்கள். அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். பச்சைத் துணி விரித்த எதையும் தொடக்கூடாது. தலைமாட்டில் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தே இருங்கள், தலை சுற்றினால் விழமாட்டீர்கள். தமக்குத் தொந்தரவில்லாத ஒருத்தியை ஒரு தடவை கண்ட தியேட்டர், அடுத்த தடவை கதவைத் தானே திறக்கும். வீடு வீடாகப் போகும் மருத்துவமாதரான குடும்பநல உத்தியோகத்தர்களோடு போட்டிக்குப் போகவும் வேண்டாம். இந்த நாட்டுத் தாய்மார் உயிரோடு இருப்பதற்கு முதற்காரணம் அவர்கள். உங்கள் தாய்மாரின் பெயர்களை முதலில் அவர்களிடம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வீட்டுக்குப் போன பிறகும் ஆறு வாரம் வேலை இருக்கிறது. நம் வீடுகளின் பத்தியத்தில் நல்லது நிறைய இருக்கிறது. சரக்குக் கறி, உள்ளி, முருங்கை இலை, பால்சுறா வறை எல்லாம் சாப்பிடட்டும். ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்று சொல்லித் தாயைத் தாகத்தோடு வைப்பதை நீங்கள் மரியாதையாகத் தடுக்க வேண்டும். மலச்சிக்கலோடு முக்கினால் தையல்தான் வேதனைப்படும். வேது தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காயத்தில் ஊற்ற வேண்டாம். வயிற்றை இறுகக் கட்டவும் வேண்டாம். மாமியாரோடு சண்டைபிடித்தால் ஒன்றும் நடக்காது. "அம்மா, ஒங்க காலத்துல இந்தத் தையல் இல்லத்தானே, டொக்டர் இப்பிடிச் சொல்லியிருக்கார்" என்று அவருக்கும் ஓர் இடம் கொடுத்துச் சொல்லுங்கள், கேட்பார். இருமும்போதும் எழும்பும்போதும் தலையணையைக் காயத்தில் அணைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்தால் காயத்தில் பாரம் விழாது. எவ்வளவு சீக்கிரம் நடக்க வைக்கிறீர்களோ, காலில் இரத்தம் உறையும் ஆபத்து அவ்வளவு குறையும். காய்ச்சல், காயத்தில் சீழ், துணியை நனைத்துப் பெருகும் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சு முட்டல், உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று ஒரு தாய் சொன்னால் அதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணூறு, கொழுப்பு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நீங்கள் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

மேடையில் இருக்கும் நிபுணர்களிடம் ஒரு வேண்டுகோள். அவசர சீசரில் இடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாள் குறித்துச் செய்யும் சீசர்களில், வாரத்தில் ஒரு நாள், இந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைத் தலைமாட்டில் இருக்க விட்டுப் பாருங்கள். வெளியே போ என்று மயக்க மருந்து டொக்டர் கை காட்டினால் அந்த நொடியில் அவள் போவாள், அதற்கு நான் பொறுப்பு. சில மாதம் பார்த்துவிட்டு உங்கள் தாதிமாரையும் தாய்மாரையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள்.

தங்கச்சிமாரே, சான்றிதழ் வாங்கியவுடன் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். மண்டபத்தின் பின்பக்க மேசையில் தியேட்டர் உடுப்பு, தொப்பி, முகமூடி எல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். முகமூடியை அவசரத்தில் கட்டினால் மூக்கு வெளியே நிற்கும், தொப்பிக்குள் கூந்தல் அடங்காது, சீலை கட்டிப் பழகிய கைக்கு அந்த நாடா முடிச்சு முதலில் வராது. ஒவ்வொருவரும் என் முன்னால் ஒரு தடவை போட்டுக் கழற்றிப் பழகிவிட்டுத்தான் போக வேண்டும்.